வாயை முகர்ந்து பார்த்தீர்களா?

சோன்கோல் மேய்ச்சல்
10 ஜூன் 1996, திங்கள்

சாய்ராவுக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. உன் புருஷன் இங்கே இருக்கிறான். போலீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைய வேண்டாம். நேற்று நீ சந்தைக்குப் போன நேரம் நானும் என் வீட்டுக்காரரும் வந்து, இசாக்கின் லாரியில் அவனை ஏற்றிக்கொண்டு மலைக்கு வந்துவிட்டோம். இழுத்து வரவில்லை. "மலைக்கு வர்றியாடா ஜோல்தோஷ்?" என்று கேட்டேன். "வர்றேன்க்கா" என்றான். தொப்பியைக்கூட எடுக்காமல் வந்து லாரியில் உட்கார்ந்தான். உன்னிடம் சொல்லிவிட்டு வரவேண்டும் என்று அவனுக்கே தோன்றவில்லை.

ஏன் கூட்டி வந்தேன் என்று கேட்பாய். போன வாரம் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து உன் வீட்டில் தங்கினேனே, அன்று காலையில் என் கண்ணாலேயே பார்த்தேன். அவன் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. நீ டீக் கிண்ணத்தில் வோட்காவை ஊற்றிக்கொண்டு போய், தலைமாட்டில் உட்கார்ந்து, அவன் தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்க வைத்தாய். அவன் கை நடுங்குகிறது என்று கிண்ணத்தையும் நீயே பிடித்துக்கொண்டாய். ராத்திரி குடித்தவன் காலையில் இன்னொரு வாய் குடிப்பதற்கு நம் ஆண்பிள்ளைகள் 'தலை தெளிவு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்களாகத் தேடிப் போய்க் குடித்தால் அது தலை தெளிவு. பெண்டாட்டியே ஊற்றிக் கொடுத்தால் அதற்கு என்னடி பெயர்?

குடித்துக்கொண்டே இருந்தால் அவன் எதிர்த்துப் பேசமாட்டான், வீடு உன் கையில் இருக்கும். எனக்கு அது புரியாது என்று நினைத்தாயா?

இங்கே ஒரு சொட்டுச் சாராயம் கிடையாது. குதிரைப்பாலைப் புளிக்க வைத்த குமிஸ் இருக்கிறது, ஆட்டுக்கறிச் சாறு இருக்கிறது, காற்று இருக்கிறது. எங்கள் அப்பாவின் நெஞ்சுச் சளியையே குதிரைப்பால்தான் போக்கியது. செப்டம்பரில் மந்தையோடு இறங்கும்போது ஆளை ஆளாகத் தருகிறேன். அதுவரை இந்தப் பக்கம் வராதே.

உல்கன்


நரின்
13 ஜூன், வியாழன்

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. சந்தையிலிருந்து வந்து பார்த்தால் வீடு திறந்து கிடக்கிறது, ஆளைக் காணோம். ஆற்றங்கரை வரைக்கும் ஓடினேன். "மலைக்குக் கூட்டிப் போறோம்"னு பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக உங்களுக்கு வாய் வரவில்லை. இருக்கட்டும்.

பெண்டாட்டியே ஊற்றிக் கொடுத்தால் அதற்கு என்ன பெயர் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் பெண்டாட்டி என்றுதான் பெயர். அவருக்குக் கஞ்சி காய்ச்சுவதும், வாந்தி துடைப்பதும், ஷூவைக் கழற்றுவதும் அவள்தான். கடைசி நான்கு வருஷத்தில் நீங்கள் எங்கள் வீட்டுக்கு மூன்று தடவை வந்திருக்கிறீர்கள். மூன்றும் விருந்து. அந்தக் கல்யாணத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, "என் தம்பி அடிமட்டம் வரைக்கும் குடிக்கணும், இல்லேன்னா என்ன ஆம்பளை?" என்று கிண்ணத்தை நீட்டியது யார் அக்கா? நானா? மறுநாள் காலை என் கையில் இருந்த கிண்ணம் மட்டும் உங்கள் கண்ணில் பட்டுவிட்டது.

சண்டை போட எனக்கும் தெரியும். ஆனால் இப்போது ஒன்று கேட்கிறேன். ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். அவர் உடம்புக்கு அது ஆகாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். சாராயம் வேண்டாம் என்றால் குமிஸாவது அவர் கேட்கும் அளவுக்குக் கொடுங்கள், அதிலும் கொஞ்சம் போதை இருக்கிறது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

இங்கே இரண்டு வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கப் பார்க்காதீர்கள்.

கம்பளிக் கோட்டும் தொப்பியும் இசாக்கிடம் கொடுத்து அனுப்புகிறேன். ராத்திரி அங்கே குளிரும்.

சாய்ரா


சோன்கோல்
15 ஜூன், சனி

சாய்ராவுக்கு,

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிடிக்காதே என்றால் பிடிக்காமல் இருப்பேனா? 'ஏணி' என்று ஒரு சொல் மட்டும் தெரிந்தது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் கொட்டகை ஏணியிலிருந்து விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டானே, அதுவா? அதற்கும் இதற்கும் என்ன?

உன் புருஷனைப் பற்றிச் சொல்கிறேன், கேட்டு வயிறெரி. முதல் இரண்டு நாள் வியர்த்துக் கொட்டியது, சோறு இறங்கவில்லை, கை கொஞ்சம் ஆடியது. பிறகு குமிஸில் உட்கார்ந்துவிட்டான். நாளைக்குப் பன்னிரண்டு கிண்ணம்! என் வீட்டுக்காரர், "உன் தம்பி குதிரைக்குட்டிக்கு மிச்சம் வைப்பானா?" என்று சிரிக்கிறார். நேற்று குதிரைகளுக்கு லாடம் பார்த்தான். பக்கத்துக் கூடாரத்துக்காரனின் மோட்டாரைப் பிரித்துச் சேர்த்து ஓட வைத்தான். அவன் கையா அது என்று எனக்கே ஆச்சரியம்.

ஆனால் சாயங்காலம் முகம் சிவந்து, நாக்கு குழறி, பாட்டுப் பாட ஆரம்பித்துவிட்டான். எங்கள் அப்பா பாடும் பாட்டு. என் வீட்டுக்காரர்தான் கண்டுபிடித்தார்: "அடியே, இவனுக்குக் குமிஸே ஏறிப்போச்சு." அப்போதுதான் உன் கடிதம் ஞாபகம் வந்தது. கேட்கும் அளவுக்குக் கொடுக்கச் சொன்னாயே, நல்ல புத்தி! வோட்கா இல்லாவிட்டால் குமிஸிலாவது மூழ்கிக் கிடக்கட்டும் என்றுதானே?

இன்று காலையிலிருந்து அதுவும் இல்லை. குமிஸ் தோல்பையின் வாயைக் கட்டி என் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். டீயும் கறிச்சாறும் மட்டும். நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பான். இருக்கட்டும். சின்ன வயசில் அவனுக்குப் பால்குடி மறக்கடித்ததும் நான்தான்.

உல்கன்


நரின்
17 ஜூன், திங்கள்

அக்கா,

பெட்டியைத் திறங்கள். இந்தக் கடிதத்தைப் பாதியில் கீழே வைத்துவிட்டுப் போய், குமிஸைக் கிண்ணத்தில் ஊற்றி அவருக்குக் கொடுத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

ஏணியும் இல்லை, கொட்டகையும் இல்லை. அன்று நான் உங்களிடம் பொய் சொன்னேன்.

94 டிசம்பரில் உங்கள் தம்பி என்னிடம் சத்தியம் செய்து குடியை விட்டார். தானாகவே. பாட்டிலைப் பனியில் கவிழ்த்துக் கொட்டினார். நான் சந்தோஷத்தில் ஆடு அறுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் மத்தியானம் சமையலறையில் நின்று உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தவர் அப்படியே விறைத்து விழுந்தார். வலிப்பு. அடுப்பு விளிம்பில் மண்டை மோதியது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் பிதற்றினார். சுவரில் பூச்சி ஊர்கிறது என்றார், என்னைப் பார்த்து "நீ யாரு?" என்று கேட்டார். டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, "இதுக்கு வெள்ளை ஜன்னின்னு பேரும்மா. குடிச்சதால வர்றது இல்ல, குடிச்சுக்கிட்டே இருந்தவன் திடீர்னு நிறுத்துறதால வர்றது. மறுபடி நிறுத்தணும்னா இங்க கூட்டிட்டு வா, மருந்து போட்டு நிறுத்தலாம். வீட்ல வெச்சு நிறுத்தினா செத்துப் போவான்" என்றார்.

ஏன் மறுபடி கூட்டிப் போகவில்லை என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரியில் குடிநோயாளிப் பதிவேட்டில் பெயர் ஏறினால் டிராக்டர் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்தார். நாளைக்கு மகளுக்குச் சம்பந்தம் பேச வருகிறவன் என்ன சொல்வான் என்று நான் பயந்தேன். நீங்கள் அவரைப் பார்க்க வந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலருகில் நின்று, "நம்ம வம்சத்துல வலிப்பெல்லாம் கெடையாது, தலையில என்ன காயம்?" என்று அதட்டினீர்கள். ஏணி என்று வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு அதுவே உண்மையாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் காலைக் கிண்ணம். எழுந்ததும் கை ஆடும், பல் அடித்துக்கொள்ளும். அரைக் கிண்ணம் உள்ளே போனால் அடங்கும். அது குடிக்கக் கொடுத்தது இல்லை அக்கா, வலிப்பு வராமல் இருக்கக் கொடுத்தது. சரியென்று சொல்லவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கொடுத்துவிட்டீர்களா? அடுத்த லாரியிலேயே அவரை அனுப்பிவிடுங்கள். நானே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறேன். பதிவேட்டில் பெயர் ஏறட்டும்.

சாய்ரா


சோன்கோல்
18 ஜூன், செவ்வாய்

சாய்ரா,

பாவி, நீ ஜெயித்துவிட்டாய்.

எங்கே வைத்து அனுப்பினாய்? கோட்டுப் பையிலா, தொப்பிக்குள்ளா? கோட்டின் உள்துணியைக் கிழித்துப் பார்த்துவிட்டேன். சேணப்பை, விறகுக் குவியல், படுக்கைச் சுருள் எல்லாம் கலைத்தாயிற்று. பாட்டில் கிடைக்கவில்லை. ஆனால் உன் புருஷன் குடித்திருக்கிறான். நேற்று மத்தியானத்திலிருந்து போதை தலைக்கு மேல் ஏறிக் கிடக்கிறான். உடம்பு மொத்தமும் உதறுகிறது, சட்டை பிழிந்தால் சொட்டும். கம்பளத்தில் எலிக்குஞ்சு ஓடுகிறது என்று விரலால் ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறான். செத்துப்போன எங்கள் அப்பா வாசலில் குதிரையோடு நிற்கிறாராம், "கடிவாளத்தைப் பிடிங்கடா" என்று கத்துகிறான். நான் கிட்டப் போனால், "இந்தக் கெழவி யாரு?" என்கிறான். என்னையா! அவனைத் தூக்கி வளர்த்த என்னையா!

"எங்கடா பாட்டிலு?" என்று கன்னத்தில் அறைந்தேன். நெருப்பாய்ச் சுட்டது. குடி அந்தச் சூடு சுடும் என்று எனக்குத் தெரியாது.

இன்று காலை கூடாரத்தைவிட்டு ஏரிப் பக்கம் ஓடினான். என் வீட்டுக்காரரும் பக்கத்துக் கூடாரத்துக்காரனும் பிடித்து வந்து, குதிரைமயிர்க் கயிற்றால் கை இரண்டையும் பின்னால் கட்டிப் போட்டிருக்கிறார்கள். போதை தெளிந்ததும் அவிழ்ப்போம்.

இசாக்கின் லாரி இன்னும் வரவில்லை. கணவாயில் அச்சு முறிந்து நிற்கிறது என்கிறார்கள். மண் ஆராய்ச்சிக்காரர்களின் ஜீப் நரினுக்கு இறங்குகிறது, அதில் இதைக் கொடுத்துவிடுகிறேன். வந்து உன் குடிகாரனைக் கூட்டிப் போ. எனக்கு வேண்டாம்.

உல்கன்


நரின்
19 ஜூன், புதன், காலை ஏழு மணி

அக்கா,

நான் எதையும் அனுப்பவில்லை. அவர் குடிக்கவில்லை.

வாயை முகர்ந்து பார்த்தீர்களா? கோட்டைக் கிழித்தீர்கள், விறகைக் கலைத்தீர்கள், அந்த வாயை ஒரு தடவை முகர்ந்து பார்த்தீர்களா? இப்போது போய்ப் பாருங்கள்.

திங்கட்கிழமை எழுதிய கடிதம் லாரியோடு கணவாயில் கிடக்கிறது போலிருக்கிறது. அதில் எல்லாம் எழுதியிருந்தேன். இது வெள்ளை ஜன்னி. 94-லும் இதேதான். நிறுத்தியதால் வந்தது. கட்டை அவிழுங்கள். மல்லாக்கப் போடாதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அடிக்காதீர்கள், கத்தாதீர்கள். நினைவு இருந்து விழுங்க முடிந்தால் மட்டும் குமிஸ், வாய் வாயாக. வலிப்பு வந்தால் வாயில் எதையும் திணிக்காதீர்கள்.

ஆம்புலன்ஸுக்குப் பெட்ரோல் இல்லை என்கிறார்கள். நான் தெருவில் நின்று கார்க்காரர்களிடம் வாளியில் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். ஜீப் முதலில் கிளம்புகிறது, அதனால் இந்தத் தாள். பின்னாலேயே டாக்டரோடு வருகிறேன். உயிரோடு வைத்திருங்கள். நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், அவரை உயிரோடு வைத்திருங்கள்.

சாய்ரா


சோன்கோல்
5 ஜூலை, வெள்ளி

சாய்ராவுக்கு,

அடக்கம் முடிகிறவரை மூன்று நாள் ஒரே கூடாரத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தோம். நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இப்போது பேசித்தான் ஆகவேண்டும்.

வரும் 28-ஆம் தேதி அவனுக்கு நாற்பதாம் நாள். வம்சமே வரும். என்ன நடந்தது என்று கேட்பார்கள். அடக்கத்தன்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, நாற்பதாம் நாள் கேட்பார்கள். குதிரையிலிருந்து விழுந்தான் என்று சொல்லிவிடுவோம். என் வீட்டுக்காரரும் பக்கத்துக் கூடாரத்துக்காரனும் அப்படியே சொல்வதாக ஒத்துக்கொண்டார்கள். குதிரையிலிருந்து விழுந்து சாவது நமக்கு அவமானம் இல்லை. மகளுக்கும் அதுதான் நல்லது. நீயே யோசி.

உன் திங்கட்கிழமைக் கடிதம் 20-ஆம் தேதி வந்து சேர்ந்தது. அவனை ஆம்புலன்ஸில் இறக்கிக்கொண்டு போன மறுநாள். அடக்கம் முடிந்து மலைக்குத் திரும்பியதும் படித்தேன். அதில் இருப்பதை அந்த டிசம்பரிலேயே என்னிடம் சொல்லியிருந்தால் என் தம்பி இன்றைக்கு இருந்திருப்பான். அதை உன்னால் இல்லையென்று சொல்ல முடியுமா?

உல்கன்


நரின்
9 ஜூலை, செவ்வாய்

அக்காவுக்கு,

இல்லையென்று சொல்லவில்லை. விடிந்து எழுந்தால் எனக்கு அதுதான் நினைப்பு. ஆனால் நீங்களும் ஒன்றை மறந்துவிட்டு எழுதுகிறீர்கள். நாங்கள் வந்து சேர்வதற்கு அரை மணி முன்னால் அவர் உயிர் போனது. டாக்டர் கையைத் தூக்கிப் பார்த்தார். மணிக்கட்டு இரண்டிலும் கயிறு அறுத்து ரத்தம் கட்டியிருந்தது. வலிப்பு வந்த ஆளுக்குக் கையை உதறக்கூட வழியில்லாமல் கட்டி வைத்திருந்தீர்கள். "எப்போ அவுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

குதிரையிலிருந்து விழுந்தார் என்று சொல்லமாட்டேன். ஒரு தடவை ஏணியிலிருந்து விழ வைத்தேன். அந்தப் பொய்யை நம்பித்தான் நீங்கள் அவரை மலைக்குக் கூட்டிப் போனீர்கள். இன்னொரு தடவை அவரை எதிலிருந்தும் விழ வைக்கமாட்டேன். மகளிடம் சொல்லிவிட்டேன். அழுதாள். பிறகு, "அப்பாவைப் பத்தி ஊர்ல பேசினா பேசட்டும்மா" என்றாள்.

நாற்பதாம் நாள் சாப்பாடு போட்ட பிறகு எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்லப் போகிறேன். நான் வியாதியை மறைத்தேன், தினமும் ஊற்றிக் கொடுத்தேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லை. இன்னொருத்தி ஒரே நாளில் நிறுத்தினாள், உதறலைப் போதை என்று நினைத்துக் கட்டிப் போட்டாள். யார் அந்த இன்னொருத்தி என்று கேட்பார்கள். மூத்தவர்கள் பெயரை மருமகள் சொல்லக்கூடாது என்ற முறைக்குப் பதினெட்டு வருஷமாக உங்கள் பெயர் என் வாயில் வந்ததில்லை, 'அக்கா' என்றுதான் சொல்லியிருக்கிறேன், எழுதியிருக்கிறேன். அன்றைக்குப் பெயரைச் சொல்வேன். மரியாதை கெட்டவள் என்று ஊர் காறித் துப்பட்டும்.

வரவேண்டாம் என்றால் வராதீர்கள்.

சாய்ரா


சோன்கோல்
22 ஜூலை, திங்கள்

சாய்ராவுக்கு,

உன் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். நீ கேட்டதற்காக இதை எழுதவில்லை.

11-ஆம் தேதி, வியாழக்கிழமை, ஏரியின் கிழக்குக் கரையில் சுகார் என்பவளின் கூடாரத்துக்கு என் வீட்டுக்காரரோடு தயிர் கேட்டுப் போனேன். அவள் தன் கொழுந்தனைக் குடி மறக்கடிக்க ஊரிலிருந்து கூட்டி வந்திருக்கிறாள். நாலு நாளாகிறது. போன உடனே கேட்டேன், அந்தப் பல்லடிக்கிற சத்தம். "பாருங்கக்கா, எவனோ திருட்டுத்தனமா ஊத்திக் குடுத்துட்டான்" என்று சுகார் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தாள். ஆண்பிள்ளைகள் கயிற்றோடு நின்றார்கள்.

நான் அவன் பக்கத்தில் மண்டியிட்டு வாயை முகர்ந்தேன். ஒன்றும் இல்லை. பசித்த வாய் வாசனைதான். என் தம்பியின் வாயிலும் அதேதான் இருந்தது. உன் தாளை ஜீப்காரன் கொடுத்ததும் போய் முகர்ந்தேன் சாய்ரா. டாக்டருக்கு நான் சொல்லாத பதில் அதுதான். முகர்ந்த பிறகுதான் கட்டை அவிழ்த்தேன். அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்துவிட்டது. ஒரு கைதான் அவிழ்ந்திருந்தது.

"கயித்தைக் கீழ போடுங்கடா" என்று கத்தினேன். "இவன் குடிக்கல, குடிக்காததாலதான் இப்படி இருக்கான்" என்றேன். சுகார், "உங்களுக்கெப்படிக்கா தெரியும்?" என்று கேட்டாள். சொன்னேன். தோல்பையைப் பூட்டியதைச் சொன்னேன், அறைந்ததைச் சொன்னேன், கட்டியதைச் சொன்னேன். உன் ஏணியையும் சொன்னேன், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள். எட்டு பேர் நின்று கேட்டார்கள். என் வீட்டுக்காரர் பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டார். இசாக் அன்றைக்கே லாரியில் அவனை நரின் ஆஸ்பத்திரிக்கு இறக்கினான். ஊசி போட்டு ஐந்து நாள் தூங்க வைத்தார்களாம். நேற்று ஆள் வந்து சொன்னான், எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறானாம்.

நம்முடையவனுக்கும் அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஒரு லாரி, ஒரு ஊசி, ஐந்து நாள் தூக்கம்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. நீயும் என்னை மன்னிக்கவேண்டாம், நான் கேட்கவும் மாட்டேன். சனிக்கிழமை இரண்டு ஆடோடு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ எழுந்து சொல்லப் போவதை வாசலில் நின்று கேட்காமல், நடுவில் உட்கார்ந்து கேட்பேன். ஒன்று மட்டும். உன் பெயரை முதலில் போட்டுக்கொண்டு என்னை 'இன்னொருத்தி' ஆக்காதே. என் பெயரை முதலில் சொல், சத்தமாகச் சொல். மூத்தவள் நான்.

உல்கன்